முப்பத்தொன்றாம் பெட்டி

தூங்குகிற பெட்டிகளைக் கவனித்துக்கொள்வதுதான் தனப்பிரியாவின் வேலை. இளம்பிள்ளையில் அவளுடைய அம்மா கேட்பவர்களிடமெல்லாம் “எம்மவ கரண்ட் ஆபீஸ்ல இருக்கறா” என்று சொல்லிவந்தாள். அது சரியல்ல. கரண்ட் ஆபீசுக்குப் பெட்டி மாட்டிக் கொடுத்த கம்பெனியில், வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் அவள் இருந்தாள்.

திருச்செங்கோட்டுக்கு மேற்கே போகும் விவசாய மின்பாதை ஒன்றில் அறுபத்திரண்டு டிரான்ஸ்பார்மர்கள். ஒவ்வொன்றின் கம்பத்திலும் ஒரு பெட்டி. சாம்பல் நிறம், டிபன் பாக்ஸ் அளவு, தலையில் விரல் நீளத்துக்கு ஓர் ஆண்டெனா. கால்மணி நேரத்துக்கு ஒருதரம் பெட்டி கண்விழிக்கும். டிரான்ஸ்பார்மர் எவ்வளவு சூடாக இருக்கிறது, அதிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்கும். பார்த்ததை ஒயர் எதுவும் இல்லாமல் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். ‘வந்து சேர்ந்தது’ என்று பக்கத்துப் பெட்டி பதில் சொன்னதும் மறுபடி தூங்கப் போய்விடும். எல்லாம் சேர்த்து இரண்டு விநாடிதான். இப்படிப் பெட்டிக்குப் பெட்டி கைமாறி, செய்தி கடைசியில் துணைமின் நிலையத்துக் கூரையில் நிற்கும் பெரிய ஆண்டெனாவுக்குப் போய்ச் சேரும். மீதி நேரம் முழுக்கத் தூங்குவதால்தான் உள்ளே இருக்கும் பேட்டரி ஐந்து வருஷம் வரும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது.

“டிரான்ஸ்பார்மர் மேலயே உக்காந்துக்கிட்டு இதுக்கு எதுக்குங்க தனியா பேட்டரி?” என்று வயர்மேன் பூபதி முதல் நாளே கேட்டார்.

“கரண்ட் போச்சுன்னா அதையும் இதுதானுங்களே சொல்லோணும். கரண்டோட சேந்து இதுவும் போயிட்டா யாருங்க சொல்றது?”

பூபதி கொஞ்சம் யோசித்தார். “நாங்க போன் பண்ணிச் சொல்லுவம்ல?” என்றார்.

அறுபத்தொரு பெட்டிகள் எழுதிக் கொடுத்தபடியே தூங்கின. ஊஞ்சக்காட்டுப்புதூர் டிரான்ஸ்பார்மரில் இருந்த முப்பத்தொன்றாம் பெட்டி மட்டும் நாற்பதாவது நாளில் செத்துப்போனது. புதுப் பேட்டரி போட்டாள். அதுவும் சரியாக நாற்பது நாள். பெட்டியையே மாற்றினாள். புதுப் பெட்டி முப்பத்தொன்பது நாள் இருந்தது. அதற்கும் புதுப் பேட்டரி போட்டாள்.

ஒவ்வொரு தடவையும் சென்னையிலிருந்து மேலாளர் ஜெகதீஸ்வரன் போனில் ஒரு காரணம் சொன்னார். முதல் தடவை பேட்டரி சரியில்லை என்றார். இரண்டாம் தடவை மூடியைச் சரியாகத் திருகவில்லை என்றார். மூன்றாம் தடவை பதினான்கு பக்கத்தில் ஓர் அறிக்கையே எழுதிவிட்டார். பம்புசெட் மோட்டார்கள் ஓடும்போது கிளம்பும் மின் இரைச்சலில் பெட்டியின் குரல் அமுங்கிப்போகிறது என்பது அதன் சாரம். அறிக்கையில் ஆறு வரைபடங்கள் இருந்தன. ஊஞ்சக்காட்டுப்புதூருக்கு அவர் வந்ததில்லை.

“இன்னொரு தடவ செத்துச்சுன்னா கள பராமரிப்புக் குறைபாடுன்னுதான் எழுத வேண்டியிருக்கும்” என்றார். கள பராமரிப்பு என்ற பிரிவில் தனப்பிரியா ஒருத்திதான் இருந்தாள். ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அவள் உட்கார்ந்து பழைய பதிவுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். ஒரு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை முறை முயன்றது என்பதையும் பெட்டி குறித்துவைக்கும். மற்ற பெட்டிகளுக்கெல்லாம் ஒன்று, எப்போதாவது இரண்டு. முப்பத்தொன்றுக்கும் சாயங்காலம், ராத்திரி, விடியற்காலை எல்லாம் ஒன்றுதான். ஆனால் பம்புசெட்டுகளுக்கான மும்முனை மின்சாரம் வரும் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. பதில் வராததால் பெட்டி குரலை உயர்த்தி உயர்த்திக் கூவியிருக்கிறது. தூங்க வேண்டிய நேரமெல்லாம் கூவினால் பேட்டரி எப்படித் தாங்கும்?

மோட்டார் இரைச்சல் என்று ஜெகதீஸ்வரன் சொன்னது சரியாகத்தான் இருக்கும்போல என்று நினைத்தபோது பங்குனி மாதத்தில் இரண்டு நாட்கள் கண்ணில் பட்டன. அந்த இரண்டு நாளும் பகல் முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று. ஆனால் கரண்ட் வழக்கம்போலப் போயிருந்தது. மோட்டார்கள் ஓடியிருக்கின்றன, இரைச்சல் மட்டும் விடுமுறையில் போயிருக்கிறது.

மறுநாள் காலை எட்டரைக்கு ஊஞ்சக்காட்டுப்புதூருக்குப் போனாள். ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, மரவள்ளிக் காட்டின் வரப்பில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிரான்ஸ்பார்மர் முப்பதடி தூரத்தில் இருந்தது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காட்டுக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, கையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் நீளமான தொரட்டி. தொரட்டியின் நுனியில் போசி என்கிற அலுமினியப் பாத்திரம் ஒன்று தொங்கியது.

அவர் டிரான்ஸ்பார்மரின் கீழே வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார். தொரட்டியை மெல்ல மேலே தூக்கினார்.

பெட்டிக்கு மேலே நாலடியில் பதினோராயிரம் வோல்ட் கம்பிகள் போயின. கத்தினால் அவர் திடுக்கிட்டுக் கையை அசைத்துவிடுவார். கத்தாவிட்டால் அவராகவே அசைத்துவிடுவார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். போசி கம்பத்தையொட்டி மேலே போனது, பெட்டிக்கு நேரே வந்து நின்றது, ஒரு சாய்ப்பில் பெட்டியின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தது. ஒரே தடவை. நாள்பட்ட கைப்பழக்கம். அவர் தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் போனார். மும்முனை கரண்ட் வந்தது. மோட்டார் ஓடத் தொடங்கியது.

ஒன்பதே காலுக்குப் பெட்டி விழித்தது. லேப்டாப்பில் எண் ஏறியது. முப்பத்தெட்டாவது முயற்சியில்தான் செய்தி போனது.

லேப்டாப்பை மூடிவிட்டு அவள் கொட்டகைக்குப் போனாள்.

“ஏனுங்ணா, அந்தப் போசி எதுக்குங்க?”

“எந்தப் போசி, அம்மணி?”

இருவரும் சேர்ந்தே அண்ணாந்து பார்த்தார்கள். போசி வெயிலில் பளபளத்தது.

“அதுங்களா, மழைக்கு.”

“மழ பேஞ்சு நாலு மாசம் ஆச்சுங்களே.”

“அதுக்குத்தானுங்க. பேஞ்சாலும் பேஞ்சுபோடும்.”

“மூணு மணிக்கு மேல பேயாதுங்களா? அப்ப எடுத்தர்றீங்களே?”

“போசி எங்கூட்டுதுங்க. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்ல.”

அவர் பெயர் சின்னண்ணன். பங்குனியில் அந்த இரண்டு நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டாள். பள்ளிபாளையத்தில் மச்சினன் மகள் கல்யாணம் என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. “அதும் அந்தப் பொட்டியில தெரியுமுங்களா?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“மேல பதினோராயிரம் வோல்ட்டுங்ணா. தொரட்டி இன்னும் நாலடி ஏறியிருந்தா நீங்க இப்ப இங்க நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டீங்க.”

“காஞ்ச மூங்கிலுதானுங்க.”

“போசியும் மூங்கிலுங்களா?”

சின்னண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாத காட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அம்மணி, மறைக்காமச் சொல்லோணும். என்ற மோட்டாரு எத்தன ஹெச்பின்னு அந்தப் பொட்டி மேல சொல்லிப்போடுமா?”

அனுமதி ஐந்து குதிரைசக்திக்கு. ஓடுவது பத்து. கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரும் பெரிதாகிவிட்டது. “ஊர்ல நா ஒருத்தன்தான் இப்பிடிப் பண்ணிப்போட்டேன்” என்றார்.

சொல்லாது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். தனப்பிரியாவுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இந்தப் பெட்டிக்காக நாலு தடவை இங்கே வந்து போயிருக்கிறாள். கம்பத்தில் பூபதி ஏற, கீழே நின்று கருவியைப் பார்த்தாளே தவிர, காட்டுக்காரர் யாரிடமும் இது என்ன பெட்டி, எதற்கு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இந்த மனுஷன் இத்தனை நாள் தினம் இரண்டு வேளை உயிரைத் தொரட்டி நுனியில் தொங்கவிட்டிருக்க மாட்டார்.

“யாரு மோட்டாருன்னு அதுக்குத் தெரியாதுங்ணா. இந்த டிரான்ஸ்பார்மர்ல பதினாலு மோட்டார் இருக்குது. பதினாலும் சேந்து எவ்வளவு இழுக்குதுன்னுதான் தெரியும். ஆனா அது நல்லாத் தெரியும்.”

“சேத்துத்தானா” என்றார் சின்னண்ணன். முகம் தெளிந்தது. “பதினாலுல ஒண்ணு கூடுனா என்னங்க தெரியப்போவுது.” உடனே தொரட்டியை எடுத்துக்கொண்டு போசியை இறக்கக் கிளம்பினார். தனப்பிரியா குறுக்கே நின்று தொரட்டியைப் பிடுங்கிக்கொண்டு பூபதிக்குப் போன் செய்தாள்.

பூபதி பன்னிரண்டு மணிக்கு வந்தார். கரண்டை நிறுத்தி, ஏறி, போசியை இறக்கினார். “இருவத்தெட்டு வருச சர்வீசுல டிரான்ஸ்பார்மருக்கு மேல குருவிக்கூடு பாத்திருக்கறேன், செருப்புப் பாத்திருக்கறேன். சமையல் சாமான் இதுதான் மொதத் தடவ” என்றார். மறுபடி கரண்ட் கொடுத்துவிட்டு, சின்னண்ணன் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பெட்டி விழித்தது. பட்டப்பகலில் முதல் முயற்சியிலேயே செய்தி போனது, பெட்டி மாட்டிய நாளிலிருந்து அந்த இரண்டு நாளைத் தவிர இப்போதுதான். சந்தோஷத்தில் சிரிக்கப்போன தனப்பிரியா திரையைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். டிரான்ஸ்பார்மரின் சூடு நூற்றுநாலு டிகிரி. போகக்கூடிய கரண்டைப்போல ஒன்றேகால் மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. போசிக்குள்ளிருந்து நாற்பது முறை கூவிக் கூவி வந்த செய்திகளில் பாதிக்குமேல் வழியிலேயே தொலைந்துபோயிருந்தன. தொலைந்தவை எல்லாம் பகல் செய்திகள். வந்து சேர்ந்தவற்றையும் கோளாறுப் பெட்டியின் தப்புக் கணக்கு என்று தள்ளியதால் இந்தச் சூட்டை இதுவரை யாரும் நம்பிப் பார்க்கவில்லை.

மோர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பூபதியின் போன் அடித்தது. பிரிவு அலுவலகத்திலிருந்து உதவிப் பொறியாளர் சித்ரா. பெட்டி சரியானதைப் பூபதி அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். “உடனே ஆப் பண்ணுங்க. டிரான்ஸ்பார்மருக்குள்ள ஆயில் கொதிக்குது” என்றார். பூபதி ஓடிப்போய்ச் சுவிட்சை இறக்கினார்.

பதினான்கு மோட்டார்கள் ஒரே சமயத்தில் நின்றன. அடுத்த பத்து நிமிடத்தில் கரும்புக் காட்டிலிருந்தும் மரவள்ளிக் காட்டிலிருந்தும் வெங்காயக் காட்டிலிருந்தும் பதினான்கு பேரும் வந்து சேர்ந்தார்கள்.

“இந்தப் பொட்டி மாட்டுனதுல இருந்துதான் சூடு” என்றார் ஒருவர்.

“சூடு முன்னாலயே இருந்துதுங்க. இது சொன்னதுனாலதான் தெரிஞ்சுது” என்றாள் தனப்பிரியா.

“அப்பிடின்னா சொல்லாம இருக்கச் சொல்லுங்க.”

கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக நழுவி வந்து தனப்பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டார்கள். வேப்பமரத்துக்குப் பின்னால் ஒருவர், ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் ஒருவர், கிணற்றுமேட்டில் ஒருவர். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எல்லோரும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். “ஊர்ல நா ஒருத்தன்தானுங்க இப்பிடி.” ஒன்பதாவது ஆளுக்குப் பிறகு அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

இரண்டு மணிக்கு ஜீப்பில் சித்ரா வந்தார். உயரமான, சிரிக்காத பெண். ஜீப்பின் முகப்பில் ஒரு தாளை விரித்தார்.

“எல்லாரும் அஞ்சு ஹெச்பிதானே?”

“ஆமாங்க” என்றார்கள் எல்லோரும்.

“பதினாலு அஞ்சு எழுபது. இங்க ஏறக்குறைய நூத்திப்பத்து ஓடுது. மீதி நாப்பது எங்கிருந்துங்க வருது?”

சிலர் டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார்கள், அதற்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் முன்னுக்கு வந்தாள். மாரக்காள், சின்னண்ணனுடைய அண்ணன் மனைவி. கால்களில் முழங்கால்வரை சேறு. அவள் கணவர் செங்கோடன் போர்வெல் வண்டியில் வேலை, வருஷத்தில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்தில் இருப்பார். காட்டை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

“ஏனுங் மேடம், ஒரே டிரான்ஸ்பார்மர்ல அதிகமா இழுத்தா மத்த மோட்டாருக்கு என்னங்க ஆகும்?”

“வோல்டேஜ் எறங்கும்மா. எறங்குனா மோட்டார் சூடாகி காயில் எரிஞ்சுபோகும்.”

“என்னுது மெய்யாலுமே அஞ்சுங்க” என்றாள் மாரக்காள். “வந்து பாத்துக்கோங்க. மூணு தடவ காயில் போச்சு. மூணு தடவையும் வெங்காயம் காஞ்சுபோச்சு.”

பிறகு சின்னண்ணன் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

“மூணு தடவையும் கெணத்துல எறங்கி மோட்டாரத் தூக்குனது நீங்க. டெம்போவுல போட்டுத் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோனது நீங்க. மூணாவது தடவ, திருட்டுக் காயில் சுத்தறான்னு அந்த வைண்டிங்காரரு சட்டையப் புடிச்சீங்களே கொழுந்தனாரே. அந்த மனுசன் நல்லாத்தான சுத்திக் குடுத்திருக்கறாரு.”

சின்னண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சொன்னது எல்லாம் உண்மை. மோட்டாரைத் தூக்கியதும் அவர்தான், அதை எரித்ததில் ஒரு பங்கும் அவர்தான். இரண்டும் ஒரே ஆள் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது என்று தனப்பிரியாவுக்குத் தோன்றியது.

சித்ரா இரண்டு வழி சொன்னார். கூடுதல் குதிரைசக்தி வைத்திருப்பவர்கள் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தால், பெட்டியின் கணக்கையும் சேர்த்து இன்னொரு டிரான்ஸ்பார்மருக்கு மேலே எழுதுவார். எழுதிக் கொடுக்காவிட்டால் மோட்டார் மோட்டாராகச் சோதனை போடுவார். தாளையும் பேனாவையும் ஜீப்பின் முகப்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

ஐந்து நிமிடம் போனது. ஒருவர் காட்டில் ஆடு மேய்கிறது என்று கிளம்பினார், அவரைப் பூபதி கூப்பிட்டு நிறுத்தினார்.

சின்னண்ணன் ஜீப்பிடம் போனார். “எங்கீங்க எழுதறது?” என்று கேட்டு, பெயரை எழுதி, பத்து என்று எண்ணால் எழுதி, பக்கத்தில் எழுத்தாலும் எழுதி, கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு மற்றவர்கள் வந்தார்கள். ஒருவர் ஏழரை என்று எழுதிவிட்டு, சின்னண்ணனைப் பார்த்துவிட்டு, அடித்துப் பத்து என்று திருத்தினார். மாரக்காள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அவள் போட வேண்டிய அவசியம் இல்லை.

புது டிரான்ஸ்பார்மர் வரும்வரை ஏழு ஏழு பேராக முறைவைத்து, மூன்று மணி நேரம் இவர்கள், மூன்று மணி நேரம் அவர்கள் என்று ஓட்டுவதாகப் பேச்சானது. எந்த முறை வேண்டும் என்று சித்ரா கேட்டபோது மாரக்காள், “அவரு இல்லாத மொறையில போடுங்க” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அன்று சாயங்காலம் ஜெகதீஸ்வரன் போனில் விவரம் முழுவதும் கேட்டார்.

“போசின்னு எழுத முடியாது தனப்பிரியா. பதினாலு பக்கம் அறிக்கை போயிருச்சு.”

“என்னன்னு எழுதறதுங்க சார்?”

“வெளிப்புற உலோகத் தடைன்னு எழுது. யாரு வச்சது?”

“எடுத்தாச்சுங்க சார்.”

“வச்சது யாருன்னு கேட்டேன்.”

“இனிமே யாரும் வெக்க மாட்டாங்க சார்” என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெளிப்புற உலோகத் தடை என்று எழுதினால் அது அறிக்கையின் பதினைந்தாம் பக்கமாகப் பொருந்திவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த வாரத்திலிருந்து தனப்பிரியா ஒவ்வொரு டிரான்ஸ்பார்மராகப் போய், கம்பத்தடியில் நின்று, காட்டுக்காரர்களிடம் இது என்ன பெட்டி என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த வேலை அவளுடைய ஒப்பந்தத்தில் இல்லை. பல ஊர்களில் அவள் சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர் தனியாகக் கூப்பிட்டார்.

ஊஞ்சக்காட்டுப்புதூர்ச் சேதியைப் பூபதி அவ்வப்போது சொல்வார். சின்னண்ணன் ஒரு நாள் திருச்செங்கோட்டுக்குப் போய் வைண்டிங் கடைக்காரர் கந்தப்பனைப் பார்த்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கந்தப்பன் செம்புக் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், “மோட்டார் கொண்டாந்திருக்கறீங்களா?” என்றாராம். இல்லை என்றதும், “அப்பறம் எதுக்கு வெயில்ல வந்தீங்க?” என்றாராம். சின்னண்ணன் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார்.

மாரக்காள் அவரோடு பேசுவதில்லை. மத்தியப் பிரதேசத்திலிருந்து செங்கோடன் போன் போட்டுத் தம்பிக்காகப் பேசிப் பார்த்தார். “போரு போடற வேலையப் பாருங்க” என்று வைத்துவிட்டாளாம். வெங்காயம் இந்த முறை காயவில்லை என்றும் பூபதி சொன்னார்.

கார்த்திகையில் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. அதில் மாட்ட அறுபத்துமூன்றாம் எண் போட்ட பெட்டியோடு தனப்பிரியாவும் போனாள். காலையிலிருந்து பூபதியும் ஆட்களும் கம்பிகளைப் பிரித்துக் கட்டினார்கள். பதினொரு மணிக்குச் சித்ரா தலையை அசைத்தார், பூபதி சுவிட்சைப் போட்டார். முறை எதுவும் இல்லாமல் எல்லா மோட்டார்களும் சேர்ந்து ஓடின. இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் சூடும் அறுபதைத் தாண்டவில்லை. தனப்பிரியா மூன்று தடவை பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

சின்னண்ணன் கம்பத்தடியில் நின்று புது டிரான்ஸ்பார்மரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த காட்டிலிருந்து மாரக்காள் விறுவிறுவென்று வந்தாள். அவரைத் தாண்டிப் போவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் முன்னாலேயே வந்து நின்றாள்.

“உங்க வாய்க்காத் தண்ணி மடைய ஒடைச்சுக்கிட்டு எங்காட்டுக்குள்ள வருது. இங்க என்ன அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறீங்க?”

ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. சின்னண்ணன் மண்வெட்டியைத் தேடினார். தன்னுடையது கிடைக்கவில்லை. அவள் தன் கையிலிருந்ததை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு வரப்பில் ஓடினார். அவள் பின்னாலேயே போய், எந்த இடத்தில் மண் போட வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.